ஈயின் விந்தக நுனி: ஸ்டெம் செல்லை விட்டு அக்கம்பக்கத்தைப் பார்த்த பதிவு

பழ ஈயின் விந்தக நுனியைப் படம் பிடிப்பவர்கள் முதலில் தேடுவது இனச்செல்களைத்தான். விந்தணுவாக மாறப்போகிற வம்சம் அது. வாசா என்ற புரதத்துக்கு ஆன்டிபாடி (அந்தப் புரதத்தில் போய் ஒட்டி, ஒளிரும் சாயத்தால் அதைக் காட்டிக் கொடுக்கும் மூலக்கூறு) போட்டால் அவை பெரிய உருண்டைகளாகப் பளிச்சென்று தெரியும், எண்ணுவதற்கும் வாகாக இருக்கும். உருண்டைகளுக்கு நடுவே கறுப்பாகக் கிடக்கும் இடுக்குகளை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. உண்மையில் அந்த இடுக்குகளில் எல்லாம் ஆள் இருக்கிறது: உடல் செல்கள். அவை விந்தணு ஆகாது, அடுத்த தலைமுறைக்கும் போகாது. ஆனால் பக்கத்தில் இருக்கும் இனச்செல் ஸ்டெம் செல்லாகவே (தன்னைப் புதுப்பித்துக்கொண்டே புதுச் செல்களைத் தரும் மூலச் செல்) தங்குவதா, முதிர்வதற்குக் கிளம்புவதா என்பதில் அவற்றின் கை நிறைய இருக்கிறது.

அந்த இடுக்குகளுக்கு ஒளியேற்றிப் பார்ப்பது முதல் வேலை. அங்கிருக்கும் செல்களின் காதை அடைத்துவிட்டு, உள்ளே இருக்கும் இனச்செல்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்பது இரண்டாவது வேலை. செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நுனியில் யார் யார்

ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டர் ஆணுக்கு இரண்டு விந்தகங்கள். ஒவ்வொன்றும் சுருண்ட குழாய். ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை விந்துப்பையோடு சேரும். மூடிய முனையின் உள்பக்கம் 10 முதல் 15 உடல் செல்கள் நெருக்கியடித்துக் கொத்தாக இருக்கும். அதற்கு ஹப் என்று பெயர். இந்தச் செல்கள் பிரிவதில்லை. ஹப்பைத் தொட்டபடி வட்டமாக நிற்பவை இனச்செல் ஸ்டெம் செல்கள், ஆய்வகப் பேச்சில் ஜிஎஸ்சி. பொதுவாக 6 முதல் 12 வரை இருக்கும். ஒவ்வொரு ஜிஎஸ்சியையும் இரண்டு சிஸ்ட் ஸ்டெம் செல்கள் இருபுறமும் அணைத்திருக்கும். அவையும் ஸ்டெம் செல்கள்தான், ஆனால் உடல் வம்சம். அவற்றிலிருந்து பிறப்பவை சிஸ்ட் செல்கள்.

ஜிஎஸ்சி பிரியும் அச்சு ஹப்புக்குச் செங்குத்தாக அமைகிறது. செல் பிரிவை ஒழுங்குபடுத்தும் சென்ட்ரோசோம்கள் இரண்டில் பழையது, தாய் சென்ட்ரோசோம், ஹப் பக்கமே தங்கிவிட, ஒரு மகள் செல் ஹப்பைத் தொட்டபடி நிற்கும், இன்னொன்று விலகும். விலகியதுதான் கோனியல்பிளாஸ்ட். அதை இரண்டு சிஸ்ட் செல்கள் வந்து முழுதாக மூடிவிடும். உள்ளே இருப்பது நான்கு முறை பிரிந்து 16 ஆகும், குன்றல் பிரிவும் முடிந்ததும் 64. மூடிய இரண்டு செல்களோ அதற்குப் பிறகு ஒருமுறைகூடப் பிரிவதில்லை. விந்தணுக்களின் வால் சுமார் 1.8 மில்லிமீட்டருக்கு நீளும்போது, அந்த இரண்டில் ஒன்று 64 தலைகளையும் பொதிந்துகொள்ளும். மற்றது வால் கட்டோடு சேர்ந்து அதே நீளத்துக்கு நீளும். ஆண் ஈயின் உடம்பே இரண்டரை மில்லிமீட்டர் அளவுதான். கிட்டத்தட்ட உடம்பு நீளத்துக்கு ஒற்றைச் செல்! இதைப் படித்த பிறகும் இடுக்குகளைப் பார்க்காமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

செய்திப் பரிமாற்றம் பற்றித் தேவையான அளவு மட்டும் சொல்லிவிடுகிறேன். ஹப் செல்கள் அன்பேர்டு என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது பக்கத்துச் செல்களில் ஜாக்-ஸ்டாட் என்ற செய்திப் பாதையை எழுப்புகிறது. ஜிஎஸ்சி, சிஸ்ட் ஸ்டெம் செல் இரண்டுமே அதற்குச் செவிசாய்க்கின்றன. 2001இல் சயன்ஸ் இதழில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதை வெளியிட்டன. கூடவே ஹப்பும் சிஸ்ட் ஸ்டெம் செல்களும் டிபிபி, ஜிபிபி என்ற பிஎம்பி வகைப் புரதங்களைக் கொடுக்கின்றன. அவை இருக்கும்வரை ஜிஎஸ்சிக்குள் பேம் என்ற மரபணு அடங்கிக் கிடக்கும். அது தலைதூக்கினால் செல் முதிர்ச்சிப் பாதைக்குப் போய்விடும்.

இதெல்லாம் 'இங்கேயே இரு' என்கிற பக்கம். 'போய் வா' என்கிற பக்கம் 2000இல் நேச்சர் இதழில் வந்த இரண்டு கட்டுரைகளில் தெரிந்தது. ஒன்று மார்கரெட் ஃபுல்லர் குழு, மற்றது ஸ்டீபன் டினார்டோ குழு. சிஸ்ட் செல்களில் இஜிஎஃப்ஆர் (வெளியிலிருந்து வரும் செய்தியைக் கேட்கும் ஏற்பிப் புரதம்) பாதையைக் கெடுத்தால் இனச்செல்கள் முதிராமல், ஆரம்பநிலைச் செல்களாகவே குவிகின்றன. கெடுத்தது உடல் செல்லில், கோளாறு தெரிவது இனச்செல்லில். என் கிராஸின் (ஈக்களைத் தேர்ந்து இணை சேர்ப்பதன்) மையமும் இதுதான்.

ஈ தயார் செய்தது

மரபணுவை உடல் செல்களில் மட்டும் தொட வேண்டும். அதற்கு ஈஸ்டிலிருந்து எடுத்த கேல்4 முறை. டிரைவர் என்ற பகுதி தேர்ந்த செல்களில் மட்டும் கேல்4 புரதத்தைச் செய்யும், அது யுஏஎஸ் என்ற டிஎன்ஏ துண்டில் ஒட்டி, அதோடு இணைத்த மரபணுவை இயக்கும். 1993இல் பிராண்டும் பெரிமானும் ஈக்களுக்குக் கொண்டுவந்த இந்த முறை இல்லாமல் இன்று எந்த ஈ ஆய்வகமும் இல்லை. டிரைவராக நான் எடுத்தது சி587-கேல்4. விந்தகத்தில் சிஸ்ட் ஸ்டெம் செல்களிலும் இளம் சிஸ்ட் செல்களிலும் அது வேலை செய்யும். அதோடு டியூபுலின்-கேல்80 என்ற வெப்ப உணர்வுத் தடுப்பான். 18 டிகிரியில் கேல்4 வாயை மூடிக்கொண்டிருக்கும், 29 டிகிரிக்கு மாற்றினால் தடுப்பான் செயலிழந்து கேல்4 வேலையைத் தொடங்கும். புழுப் பருவத்தில் எதையும் கெடுக்காமல் வளர்ந்த ஈயில் மட்டும் கெடுக்க இதைவிட எளிய வழி கிடையாது.

சி587 எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. நமக்கு வேண்டியது ஆண் ஈ, ஆணுக்கு எக்ஸ் வருவது அம்மாவிடமிருந்து மட்டும். எனவே டிரைவர் பக்கம் பெண்ணாகவும் யுஏஎஸ் பக்கம் ஆணாகவும் போட வேண்டும். மாற்றிப் போட்டால் பிறக்கும் ஆண்களில் ஒன்றில்கூட டிரைவர் இருக்காது. கிராஸ் அட்டையில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி வைப்பது நல்லது.

பெண் ஈக்கள் இணை சேராதவையாக இருக்க வேண்டும். 25 டிகிரியில் கூட்டிலிருந்து வந்து 8 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் கவலையில்லை. புதிதாக வந்த ஈயின் வயிற்றில் கரும்பச்சைப் புள்ளி தெரியும், உடம்பு வெளுத்திருக்கும். அந்தப் புள்ளி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

கிராஸ் மூன்று: டிரைவரோடு, செல் சவ்வில் ஒட்டும் ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) மட்டும்; டிரைவர், ஜிஎஃப்பி, இஜிஎஃப்ஆரை அடக்கும் ஆர்என்ஏஐ (ஒரு மரபணுவின் ஆர்என்ஏவை அழித்து அதை அடக்கும் முறை) மூன்றும் சேர்ந்தது; டிரைவர் இல்லாமல் ஆர்என்ஏஐ மட்டும். மூன்றையும் 18 டிகிரியில் வளர்த்தேன். அந்தச் சூட்டில் முட்டையிலிருந்து ஈயாக மூன்று வாரம் ஆகிவிடும், 25 டிகிரியின் பத்து நாளோடு ஒப்பிட்டால் பொறுமையைச் சோதிக்கிற வேகம். வெளியே வந்த இளம் ஆண்களை எல்லாம் 29க்கு மாற்றினேன். கட்டுப்பாட்டு ஈக்களும் அதே 29இல் அதே அளவு நாள் இருந்தாக வேண்டும். சூடே விந்தணு உற்பத்தியைப் பாதிக்கும், 25 டிகிரி ஈயோடு ஒப்பிட்டால் எது சூட்டின் வேலை, எது மரபணுவின் வேலை என்று பிரிக்க முடியாமல் போகும்.

சாயமில்லாமல் ஒரு பார்வை

ஆன்டிபாடிக்குப் போகுமுன் உயிருள்ள விந்தகத்தைக் கண்ணாடிச் சில்லில் கிழித்து, ஃபேஸ் கான்ட்ராஸ்ட்டில் (சாயமின்றியே செல்களைக் காட்டும் மைக்ராஸ்கோப் முறை) பார்த்துவிடுவது என் வழக்கம். ஒரு சொட்டு பிபிஎஸ் (உப்புக் கரைசல்), அதில் விந்தகம், இடுக்கி முனையால் ஒரு கீறல், மேலே கவர்ஸ்லிப், ஓரத்தில் வடிதாள் வைத்துத் திரவத்தை மெல்ல உறிஞ்சினால் செல்கள் தட்டையாகும். ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம்.

இயல்பான விந்தகத்தில் பெரிய ஸ்பெர்மடோசைட்டுகள் (குன்றல் பிரிவுக்கு முந்திய செல்கள்), குன்றல் பிரிவு முடிந்த ஸ்பெர்மடிட்கள், நீண்ட விந்தணுக் கட்டுகள் எல்லாம் வரும். ஸ்பெர்மடிட்டில் வெளிறிய உட்கரு ஒன்று, அதே அளவில் கறுத்த மைட்டோகாண்ட்ரியா உருண்டை ஒன்று, இரண்டும் ஜோடியாக நிற்கும். எல்லா ஜோடியும் ஒரே அளவில் இருந்தால் குரோமோசோம்கள் சரியாகப் பங்கு பிரிந்திருக்கின்றன என்று அர்த்தம். சாயமே இல்லாமல் இவ்வளவு தெரிவது ஈயின் புண்ணியம்.

சிஸ்ட் செல் மட்டும் இதில் தெரியாது. வெங்காயச் சருகு போல அவ்வளவு மெல்லியது. கவர்ஸ்லிப்பின் அழுத்தத்திலேயே கிழிந்து எங்கேயோ போய்விடும். பல பாடநூல் படங்களில் இது இடம்பெறாமல் போனதற்கு இந்த மெலிவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அறுவை

ஈயை கார்பன் டை ஆக்சைடில் மயக்கி, குளிர்ந்த பிபிஎஸ் சொட்டில் போட்டு, 5ஆம் எண் இடுக்கி ஒன்றால் மார்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் வயிற்றின் கடைசி நுனியைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். சரியாக வந்தால் பிறப்புறுப்புத் தொகுப்பு முழுதாக வெளியே வரும்: வெள்ளையாகத் துணைச் சுரப்பிகள் இரண்டு, விந்துக் குழாய், இரண்டு விந்தகச் சுருள்கள். குடலும் கொழுப்பும் கூடவே தொங்கும், அவற்றைப் பிய்த்துவிடலாம்.

சாதாரண காட்டு ஈயின் விந்தகம் நல்ல மஞ்சள் நிறம், இருட்டிலும் கண்டுபிடித்துவிடலாம். ஒயிட் மரபணு பழுதான ஈக்களில் அந்த மஞ்சள் இருக்காது. நாம் பயன்படுத்தும் டிரைவர், யுஏஎஸ் ஸ்டாக்குகள் பெரும்பாலும் அந்தப் பின்னணியில் செய்தவை. கண் ஆரஞ்சு நிறத்தில் இருந்தாலும் விந்தகம் நிறமற்றோ மங்கலாகவோதான் இருக்கும். அப்போது நிறத்தைத் தேடக் கூடாது, சுருளைத் தேட வேண்டும். அடியில் கறுப்புத் தட்டு வைத்து, பக்கவாட்டில் ஒளி விட்டால் சுருளின் விளிம்பு தெரியும்.

நுனியை மட்டும் இடுக்கியால் தொடவே கூடாது. நமக்கு வேண்டிய செல்கள் மொத்தமும் அந்த மழுங்கிய முனையில்தான் இருக்கின்றன. தூக்கும்போது எப்போதும் துணைச் சுரப்பிப் பக்கத்தைப் பிடித்துத் தூக்கலாம். அந்தப் பக்கத்தைச் சாயமேற்றி முடிக்கும்வரை வெட்டாமல் விட்டால் விந்தகம் குழாயின் அடியில் சீக்கிரம் தங்கும், பைப்பெட்டில் ஏறிப் போகாது. பைப்பெட் முனையை முன்கூட்டியே பிஎஸ்ஏ என்ற புரதக் கரைசலில் நனைத்துக்கொண்டால் பிளாஸ்டிக்கில் ஒட்டுவதும் குறையும்.

சாயம்

4 சதவீத ஃபார்மால்டிஹைடில் 20 முதல் 30 நிமிடம். 0.3 சதவீத ட்ரைட்டான் கலந்த பிபிஎஸ்ஸில் மூன்று கழுவல். பிஎஸ்ஏவில் ஒரு மணி நேரம் ஊறல். முதல் ஆன்டிபாடிகளை ஊற்றி 4 டிகிரியில் ஓர் இரவு. மறுநாள் கழுவி, ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடியில் இருட்டில் இரண்டு மணி நேரம். கடைசியில் பத்து நிமிடம் டாப்பி (டிஎன்ஏவை ஒளிரவைக்கும் சாயம்), மறுபடி கழுவல். இதில் புதுமை ஒன்றும் இல்லை.

யோசிக்க வேண்டியது எதை எதோடு சேர்ப்பது என்பதில்தான். ஹப்புக்கு ஃபாஸிக்ளின் 3, சுண்டெலியில் (மவுஸ்) செய்தது. இனச்செல்லுக்கு வாசா, பெரிய எலியில் (ரேட்) செய்தது. இந்த இரண்டு விலங்கின் ஆன்டிபாடிகளும் ஒன்றுக்கொன்று ரொம்ப நெருக்கம். சாதாரண இரண்டாம் ஆன்டிபாடி இரண்டையும் பிடித்துக்கொள்ளும், ஹப் இனச்செல் நிறத்திலும் எரியும். குறுக்கே ஒட்டுவதை முன்பே நீக்கிச் சுத்தம் செய்த இரண்டாம் ஆன்டிபாடிகளை மட்டுமே வாங்க வேண்டும். ஒவ்வொரு ஆன்டிபாடியையும் தனியாகப் போட்ட ஒரு குழாய் கூடவே ஓடட்டும். அந்தக் குழாய் இல்லாத இருநிறப் படத்தை நான் நம்புவதில்லை.

உடல் செல்களின் உட்கருவுக்கு டிராஃபிக் ஜாம் என்ற புரதம். ஹப், சிஸ்ட் ஸ்டெம் செல், இளம் சிஸ்ட் செல் எல்லாவற்றிலும் வரும். முதிர்ந்த சிஸ்ட் செல் வேண்டுமென்றால் ஐஸ் ஆப்சென்ட். இனச்செல்லின் பருவத்தைச் சொல்ல 1பி1 ஆன்டிபாடி: ஜிஎஸ்சியிலும் கோனியல்பிளாஸ்டிலும் ஸ்பெக்ட்ரோசோம் என்ற உருண்டைப் புள்ளியைக் காட்டும், செல்கள் பிரியப் பிரிய அது கிளைவிட்ட ஃப்யூசோமாக மாறும். புள்ளி உருண்டையாக இருந்தால் இளசு, கிளை விட்டிருந்தால் கிளம்பிவிட்டது. ஒரு விதிவிலக்கு உண்டு. ஜிஎஸ்சி பிரிந்த பிறகும் மகளோடு கொஞ்ச நேரம் ஒட்டியே இருக்கும். அப்போது ஸ்பெக்ட்ரோசோம் இரண்டுக்கும் நடுவில் இழுபட்டு நீளமாகத் தெரியும். அதைப் பார்த்து 'இது ஸ்டெம் செல் இல்லை' என்று தள்ளிவிடக் கூடாது, ஹப்பைத் தொடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சில்லில் ஏற்றும்போதுதான் துணைச் சுரப்பிகளை வெட்டினேன். நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் நகர்த்த, குச்சியில் ஒட்டிய ஒற்றைக் கண்ணிமை முடியைவிடச் சிறந்த கருவி கிடையாது. இடுக்கி குத்தும், ஊசி கிழிக்கும். இது தள்ளும், அவ்வளவுதான்.

இடுக்கில் தெரிந்தது

கன்ஃபோகலில் (லேசரால் படி படியாகப் படம் எடுக்கும் மைக்ராஸ்கோப்) முதலில் 10 மடங்கு லென்ஸ், நுனியைக் கண்டுபிடிக்க மட்டும். அப்புறம் எண்ணெய் லென்ஸ் 63 மடங்கு, அரை மைக்ரான் படிகளில் அடுக்கடுக்காகப் படம்.

கட்டுப்பாட்டு ஈயில் சவ்வு ஜிஎஃப்பியை முதல்தடவை திறந்தபோது இனச்செல்கள் இருட்டாகவும் இடுக்குகள் வெளிச்சமாகவும், வழக்கமான படம் அப்படியே தலைகீழாக வந்தது. ஹப்புக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் நின்று பார்ப்போம். இரண்டு ஜிஎஸ்சிகள் அருகருகே, நடுவில் ஒட்டியே இருப்பது போலத் தோன்றும். ஜிஎஃப்பியில் அந்த ஒட்டுக்குள் ஒரு மெல்லிய பச்சைக் கோடு நுழைகிறது. அதைப் பின்னோக்கித் தொடர்ந்தால் ஜிஎஸ்சிகளுக்குப் பின்வரிசையில் டிராஃபிக் ஜாம் சாயமேறிய உட்கருவில் போய் முடிகிறது. முன்னோக்கித் தொடர்ந்தால் ஹப்பைத் தொடுகிறது. சிஸ்ட் ஸ்டெம் செல்லின் உடம்பு பின்னால், கை மட்டும் இரண்டு ஜிஎஸ்சிகளுக்கு நடுவே நுழைந்து ஹப் வரை. அந்தக் கை பல படிகளில் ஒரு மைக்ரான்கூடத் தடிமன் இல்லை. அடுக்குகளை ஒரே படமாகச் சேர்த்துவிட்டால் காணாமல் போய்விடும். ஜிஎஸ்சி எண்ணுவதும் அப்படித்தான், ஒவ்வொரு படியாக நகர்ந்து 'இது ஹப்பைத் தொடுகிறதா' என்று கேட்டு எண்ண வேண்டும்.

கொஞ்சம் கீழே வந்தால் கோனியல்பிளாஸ்டைச் சுற்றிய பச்சை வளையம் மூடியிருக்கிறது. இன்னும் கீழே 2, 4, 8 செல் கொத்துகள், ஒவ்வொன்றும் தனி வளையத்துக்குள். வளையத்தில் எங்கேயாவது இரண்டு உட்கருக்கள் தேறும். எல்லாக் கொத்திலும் ஒரே படியில் இரண்டும் கிடைக்காது, மேலும் கீழும் தேட வேண்டும்.

காதை அடைத்தபோது

இஜிஎஃப்ஆர் அடக்கிய ஈக்களில் வித்தியாசத்தைப் பார்க்க 63 மடங்கு தேவைப்படவில்லை. டாப்பியும் 10 மடங்கும் போதும். இயல்பான விந்தகத்தில் நுனியில் மட்டும் உட்கருக்கள் சிறிதாக, நெருக்கமாக, பிரகாசமாக இருக்கும். அதைத் தாண்டினால் ஸ்பெர்மடோசைட்டின் பெரிய, மங்கிய உட்கருக்கள். இங்கோ அந்தப் பிரகாசமான பகுதி குழாயில் வெகுதூரம் இறங்கியிருந்தது.

ஆனால் குழாயின் அடிப்பாதியில் விந்தணுக் கட்டுகள் இருந்தன. ஆர்என்ஏஐ வேலை செய்யவில்லையோ என்று இதைப் பார்த்தால் சந்தேகம் வரும். கணக்குப் போட்டால் சரியாக வருகிறது. ஜிஎஸ்சியிலிருந்து விந்தணு வரை சுமார் பத்து நாள் ஆகும். 29க்கு மாற்றுமுன்பே கிளம்பிவிட்ட கொத்துகள் தங்கள் வழியில் போய்க்கொண்டிருக்கின்றன, புதிதாகக் கிளம்ப வேண்டியவை மட்டும்தான் நுனிப்பக்கம் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. பிரகாசமும் மங்கலும் சந்திக்கும் எல்லையைப் பார்த்தே ஈ எவ்வளவு காலம் சூட்டில் இருந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். இன்னும் சில நாள் விட்டு அறுத்தபோது எல்லை மேலும் கீழே இறங்கியிருந்தது. விந்தகத்துக்கு விந்தகம் கடுமை மாறியதையும் சொல்ல வேண்டும். சிலவற்றில் பாதிக்குழாய் நிரம்பியிருந்தது, சிலவற்றில் நுனி மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது.

1பி1 சாயத்தில் உருண்டைப் புள்ளிகள் ஹப்பிலிருந்து வெகுதூரத்திலும் கிடந்தன. கிளைவிட்ட ஃப்யூசோம்கள் குறைவு.

நான் வந்தது உடல் செல்லைப் பார்க்க அல்லவா? டிராஃபிக் ஜாம் உட்கருக்கள் அங்கேதான் இருந்தன. செல்கள் சாகவில்லை. ஜிஎஃப்பியில்தான் விஷயம்: மூடிய வளையங்கள் இல்லை. பச்சை, திட்டுத்திட்டாக, இனச்செல்களுக்கு நடுவே அங்கங்கே கிடந்தது. நீட்ட வேண்டிய கையை நீட்டவில்லை.

இந்தக் கை நீட்டலைக் கேட்பது யார் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இஜிஎஃப்ஆருக்கு வரும் செய்தி ஸ்பிட்ஸ் என்ற புரதம். அதை அனுப்புவது இனச்செல்லே. 'என்னை மூடு' என்று உள்ளிருப்பது சொல்ல, வெளியிலிருக்கும் செல் ராக் என்ற புரதத்தின் வழியாகத் தன் உருவத்தைத் தாங்கும் உள்சட்டகத்தை மாற்றிக் கை நீட்டுகிறது. மூடப்பட்ட பிறகுதான் உள்ளே முதிர்ச்சி ஒழுங்காக நடக்கிறது. அப்படியானால் யார் யாருக்குத் துணை என்ற கேள்விக்கு ஒற்றை அம்புக்குறி போட முடியாது.

'இங்கேயே இரு' பக்கத்திலும் இதேபோல ஒரு சிக்கல் இருக்கிறது. சிஸ்ட் ஸ்டெம் செல்களில் ஸ்டாட்டையோ இசட்எஃப்எச்-1 என்ற புரதத்தையோ ஓயாமல் இயக்கினால், உடல் ஸ்டெம் செல்கள் மட்டுமல்ல, ஹப்பைத் தொடாத இனச்செல்களும் ஜிஎஸ்சி போலவே பெருகுகின்றன என்று லெதர்மனும் டினார்டோவும் 2008இல் காட்டினார்கள். 2010இல் அவர்களே, ஜிஎஸ்சிக்குள் ஸ்டாட் முக்கியமாகத் தேவைப்படுவது ஹப்போடு ஒட்டிக்கொள்ளத்தான் என்றார்கள். இதைப் படித்தால் ஜிஎஸ்சியைக் காப்பது சிஸ்ட் ஸ்டெம் செல்தான் என்று முடிவு கட்டத் தோன்றும். 2012இல் லிம்மும் ஃபுல்லரும் சிஸ்ட் வம்சத்தையே கொன்று பார்த்தார்கள். ஜிஎஸ்சிகள் ஹப்போடு நிலைத்தன, கெட்டது முதிர்ச்சிதான். உடல் செல் 'இரு' என்று சொல்ல வல்லது, ஆனால் அது சொல்லாவிட்டாலும் ஹப் ஒன்றே போதும் போலிருக்கிறது. 'போய் வா' என்பதற்கு மட்டும் அதற்கு மாற்று இல்லை. என் படங்களும் இந்தப் பக்கத்தைத்தான் சொல்கின்றன. 'தாங்கும் செல்' என்று இவற்றுக்குப் போடுகிற பட்டம் பாதி வேலையைத்தான் சொல்கிறது என்பது என் எண்ணம், அனுப்பி வைப்பதுதான் பெரிய பாதி.

சாய நீரில் ஊறவைத்த சோதனை

மூடுவது என்றால் வெறும் சுற்றுதலா, நிஜமான அடைப்பா? இதற்கு ஆன்டிபாடி வேண்டாம். 10 கிலோடால்டன் அளவுள்ள ஒளிரும் டெக்ஸ்ட்ரானில் உயிருள்ள விந்தகத்தை அரை மணி நேரம் ஊறவைத்து, ஃபார்மால்டிஹைடு போடாமல் உடனே பார்க்க வேண்டும். டெக்ஸ்ட்ரான் செல்லுக்குள் போகாது, செல்களுக்கு நடுவே வழி இருந்தால் மட்டும் நுழையும்.

நுனியில் ஒவ்வொரு இனச்செல்லின் ஓரமும் சாயத்தில் தெரிந்தது. கீழே வர வர, சாயம் கொத்தின் வெளிவிளிம்போடு நின்றுவிட்டது, உள்ளிருக்கும் செல்களின் ஓரங்கள் இருட்டு. இரண்டு சிஸ்ட் செல்களும் சந்திக்கும் இடத்தில் செப்டேட் இணைப்பு என்ற தையல் உருவாகிவிடுகிறது. வெளியிலிருக்கும் செய்தி மூலக்கூறுகள் இனி நேராக இனச்செல்லைத் தொட முடியாது, சிஸ்ட் செல் வழியாகத்தான் எதுவும். தையலில் இருக்கும் கோரக்கிள் போன்ற புரதங்களை எடுத்துவிட்டால் அடைப்பு ஒழுகுவதும் இனச்செல் முதிர்ச்சி கெடுவதும் 2015இல் வெளியான வேலை. கையில் சாயமும் மைக்ராஸ்கோப்பும் இருந்தால் ஒரு மதியத்தில் முடியும் சோதனை இது. மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் புதிதாகத் தொடங்குபவருக்குச் சொல்வேன். ஒரே எச்சரிக்கை: இடுக்கி பட்டு உறை கிழிந்த விந்தகத்தில் சாயம் எங்கும் ஒழுகும். அப்படிப்பட்டதை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. உறை முழுதாக இருக்கிறதா என்று சாதாரண ஒளியில் பார்த்துவிட்டுத்தான் லேசரைத் திறக்க வேண்டும்.

பெண் ஈயில் சுருக்கமாக

அதே டிரைவர் சூலகத்திலும் வேலை செய்யும் என்பதால் அதே குப்பியில் இருந்த பெண்களையும் அறுத்தேன். முந்தின இரண்டு நாள் ஈஸ்ட் பசை வைத்தால் சூலகம் நன்றாகப் பருத்திருக்கும். ஒரு சூலகத்தில் 16 முதல் 20 சூல்குழல்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஜெர்மேரியம். அங்கே டிபிபி கொடுப்பது தொப்பிச் செல்கள், அவற்றைத் தொட்டபடி இரண்டு அல்லது மூன்று ஜிஎஸ்சி மட்டும். ஹப்பை விட எண்ணுவது எவ்வளவோ சுலபம். லாமின் சி ஆன்டிபாடி தொப்பிச் செல்லின் உட்கரு ஓரத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

சிஸ்ட் செல்லின் இடத்தில் இங்கே எஸ்கார்ட் செல். ஆனால் இது இனச்செல்லோடு கூடப் போவதில்லை, நின்ற இடத்திலேயே நின்று மெல்லிய கைகளால் கொத்தைச் சுற்றிப் பிடித்து அடுத்த எஸ்கார்ட் செல்லிடம் கடத்திவிடுகிறது. இஜிஎஃப்ஆர் இங்கேயும் இருக்கிறது. அது டேலி என்ற புரதத்தை எஸ்கார்ட் செல்லில் அடக்கி வைக்கிறது. டேலி டிபிபியைப் பிடித்துப் பரப்பக்கூடியது. அடக்குமுறை போனால் 'இங்கேயே இரு' செய்தி எல்லை தாண்டி ஒழுகி, ஜிஎஸ்சி போன்ற செல்கள் உள்ளே குவியும். என் படங்களில் உருண்டை ஸ்பெக்ட்ரோசோம் உள்ள செல்கள் தொப்பிக்கு அப்பாலும் சேர்ந்திருந்தன. ஆணில் பார்த்த அதே விளைவு, ஆனால் இங்கே விளக்கம் வேறு.

அறுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: சூல்குழல்களைச் சுற்றித் தசை உறை இருக்கிறது. அதைச் சீவி எடுக்காவிட்டால் ஆன்டிபாடி நுனிவரை போகாது. ஜெர்மேரியம் பக்கத்தை விட்டுவிட்டு, பெரிய முட்டை இருக்கும் பக்கத்தைப் பிடித்து இழுத்தால் குழல்கள் ஒவ்வொன்றாக உருவி வரும்.

இப்போது 18 டிகிரியில் வளர்ந்துகொண்டிருப்பது மறுபக்கக் கிராஸ்: அதே டிரைவர், அதே தடுப்பான், இசட்எஃப்எச்-1 மிகையாக. கூடவே ஜிஎஃப்பி இருப்பதால் கேல்4 இரண்டு யுஏஎஸ்ஸுக்குப் பங்கு போடும். அதைச் சமப்படுத்த, கட்டுப்பாட்டு ஈயிலும் பயனற்ற ஒரு யுஏஎஸ் சேர்த்திருக்கிறேன். ஹப்பைத் தொடாத ஜிஎஸ்சி போன்ற செல்களைச் சுற்றிப் பச்சை வளையம் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கப் போகிறேன். டெக்ஸ்ட்ரானையும் அதே ஈக்களிலேயே போட்டுவிடலாம், பாதி விந்தகம் உயிரோடு, பாதி ஃபார்மால்டிஹைடுக்கு.